குதிரைக்கு அடியில் ஒரு பெயர்

போன வாரம் நம் கிட்டார்க் கடைக்கு நான் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார், "ஏம்மா, குதிரைக்கு அடியில பேரைக் கீறச் சொல்றீங்களே, அதை யாரு பாக்கப் போறாங்க?" என்று. வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்கூட ஆகாதவர். நான் வாயெடுப்பதற்குள் டீ வந்துவிட்டது, பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். என் கையெழுத்து புரியாதவர்கள் புரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லை என்றால் என்னை வந்து கேளுங்கள், சமயத்தில் எனக்கே புரியாது.

நான் கிட்டார் செய்ய வந்தவள் இல்லை, பால் திரிக்க வந்தவள். மேல்சித்தாமூரில் பிறந்து செஞ்சியில் வாக்கப்பட்டேன். என் வீட்டுக்காரர் ஆர்மோனியப் பெட்டி செய்துகொண்டிருந்தார். தச்சு வேலைக்கு அப்போது எல்லோரும் வஜ்ரம்தான் காய்ச்சுவார்கள். வஜ்ரம் என்றால் மாட்டுத் தோலும் எலும்பும் வேகவைத்து எடுக்கிற பசை. ஜைனர் வீட்டில் அதை அடுப்பில் ஏற்ற முடியுமா? அதனால் எங்கள் கடையில் பால் பசை. ஆடை எடுத்த பாலை எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்து, கட்டியைக் கழுவி, காயவைத்துப் பொடித்து வைத்துக்கொள்வேன். ஒட்டுகிற நேரத்தில் சுண்ணாம்போடு குழைத்தால் பசை தயார். ஜைனர்களை எங்கள் பக்கம் நயினார் என்பார்கள். ஊரில் மற்ற தச்சர்கள், "நயினார் கடையில தயிர்சாதத்தாலயே பொட்டி ஒட்றாங்க" என்று சிரிப்பார்கள்.

சிரித்தால் சிரிக்கட்டும். வஜ்ரம் சூடு காட்டினால் இளகிவிடும், ஈரம் பட்டால் ஊறிவிடும். பால் பசை காய்ந்துவிட்டால் அதற்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது. அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு ஏறிப் போயிருந்தது. நடந்த கூத்து எல்லாம் அதனால் வந்ததுதான்.

அறுபதுகளில் ஒரு கோடைக்கு முன்னால் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பாண்டு வாத்தியம் வாசித்துவிட்டுத் திரும்பியவர். அங்கே அவர்களை சொல்தா என்பார்கள். நாங்கள் அவரை முசியே என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம், அவர் என்னை மதாம் என்பார். கடல் காற்றில் அவருக்குத் தெரிந்த ஆர்மோனியப் பெட்டிகள் எல்லாம் வாய் பிளந்து கிடக்க, எங்கள் கடைப் பெட்டி ஒன்று மட்டும் பிளக்கவில்லையாம். அதைக் கேள்விப்பட்டுத் தேடி வந்தார்.

கையில் ஒரு கிட்டார். நீங்கள் இன்று தினமும் செய்கிற அதே ஜாதிதான். முட்டை அளவுக்குச் சின்ன ஓட்டை, முன்பக்கம் மெல்லிய பலகை, கீழே கம்பிகளைப் பிடிக்கிற பித்தளை வால், கம்பிகளைத் தாங்குகிற குதிரைக்கட்டை, அந்தக் குதிரைக்கு இரண்டு பக்கமும் பலகையில் முறுக்கிவிட்ட மீசை மாதிரி இரண்டு மரத்துண்டு. நாங்கள் அதுவரை கிட்டாரையே படத்தில்தான் பார்த்திருக்கிறோம். அவர் நின்றபடியே ஒரு பாட்டு வாசித்தார். வண்டியிலேயே குடும்பம் நடத்தி ஊர் ஊராகப் போகிற ஜிப்சிக் கூட்டம் பிரான்சில் வாசிக்கிற ஜாஸாம். தாளமும் அதிலேயே, பாட்டும் அதிலேயே. என் வீட்டுக்காரர் அந்தக் கிட்டாரைச் சுற்றி ஒரு தடவை வந்துவிட்டு, "மேளக்காரன் எங்க ஒளிஞ்சிருக்கான்?" என்று கேட்டார்.

முசியே கேட்டது இதுதான்: இதே மாதிரி இன்னொன்று, இரண்டு மாதத்தில். பட்டாளத்தில் அவரோடு வாசித்த நண்பர் ஒருவர், அந்த ஜிப்சிக் கூட்டத்தில் பிறந்தவர், கப்பலில் மதராஸ் வழியாகப் போகிறார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு வந்துவிட்டுப் போவார். இந்தக் கிட்டாரே, இருவரும் பிரியும்போது அந்த நண்பர் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்ததுதான்.

"எட்டு வருஷம் ஆவுது மதாம். வந்ததும் மொதல்ல இதைத்தான் கேப்பான். ரெண்டு பேரும் சேந்து ஒரு பொழுது வாசிக்கணும். ஒரு கிட்டாரை வச்சிக்கினு ரெண்டு பேரு இன்னா பண்றது, மாத்தி மாத்தி மூஞ்சியப் பாக்கறதா?"

மாதிரிக்கு அந்தக் கிட்டாரையே எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். உயிரைக் கொடுப்பது போலத்தான் கொடுத்தார். வாசல் வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

செய்த விவரம் எல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கைக்கே தெரியும். வாகை மரத்தில் கழுத்து. முதுகுக்கும் விலாவுக்கும் மூன்று மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினோம், அதற்கு என் பால் பசை ராஜா மாதிரி வேலை செய்தது. முன்பலகைக்கு ஏற்ற மரம் நம் பக்கம் ஏது? முசியேதான் சீமைச் சாராயம் வந்திறங்கிய பெட்டிப் பலகையைப் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாரம் கடையே சாராய வாடை அடித்தது. எங்கள் சொந்தக்காரர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள்.

நண்பர் வரப்போகிற ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை. புதுக் கிட்டாருக்குக் குதிரை வைப்பதும் கம்பி கட்டுவதும்தான் பாக்கி. பழையதைத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தமாகத் துடைத்து, புதுக் கம்பி கட்டிக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. கம்பிகளைத் தளர்த்தினேன். குதிரை கழன்று என் கையில் வந்துவிட்டது.

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள், தெரியும். நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள். என் நிலையில் நின்று பாருங்கள். இரண்டு மீசைத் துண்டும் பலகையோடு கெட்டியாக ஒட்டியிருக்கிறது. நடுவில் இருக்கிறது மட்டும் கையோடு வருகிறது. என்ன நினைப்பேன்? நம் ஊர் வெயிலுக்கு வஜ்ரம் இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன். 'பார்த்தாயா, மாட்டுத் தோல் பசை கைவிட்டுவிட்டது' என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட.

குதிரையைத் திருப்பினேன். அடியில் ஏதோ வரிக்கு நான்கைந்து எழுத்தாக இரண்டு வரி, கத்தியால் கீறியிருந்தது. பிரெஞ்சு எழுத்து. செய்த கம்பெனி பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் காட்டக்கூட இல்லை. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது பாருங்கள், பலகையில் அந்த இடத்து வார்னிஷைச் சுரண்டி வெறும் மரம் தெரிய வைத்தேன். பசையைத் தடவினேன். இரண்டு மீசைக்கும் நடுவில் குதிரையை நேராக உட்கார வைத்து, கனம் ஏற்றிவிட்டுப் போய்ச் சமையலைப் பார்த்தேன்.

வியாழன் காலையில் கம்பி கட்டினோம். கழுத்தில் விரல் அழுத்துகிற மெட்டுகளில், கீழ் மெட்டுகள் ஒழுங்காக இருந்தன. மேலே போகப் போக சுதி ஏறிக்கொண்டே போயிற்று, தடிக் கம்பிகளில் ரொம்ப மோசம். புதுக் கம்பி, இழுபட்டுச் சரியாகும் என்றேன். மத்தியானமும் சரியாகவில்லை.

அதற்குள் என் வீட்டுக்காரர் புதுக் கிட்டாரில், ஒட்டுவதற்கு முன்னால் உயரம் பார்ப்பதற்காக, குதிரையை வெறுமனே வைத்துக் கம்பி ஏற்றினார். கம்பி அழுத்தத்திலேயே அது நின்றது. அதுவும் சுதி சேரவில்லை. ஒரு விரலால் குதிரையின் ஒரு முனையை நெல்மணி அகலத்துக்குப் பின்னால் தள்ளினார். கொஞ்சம் சாய்வாக நின்றதும் எல்லா மெட்டும் கச்சிதமாகப் பேசிற்று.

அவர் என்னைப் பார்த்தார். நான் பழைய கிட்டாரைப் பார்த்தேன். குதிரை கைக்கு வந்தது பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படி. தள்ளி வைத்துச் சுதி சேர்ப்பதற்காகச் சும்மா நிற்க வேண்டியதை நான் ஆயுசுக்கும் ஒட்டிவிட்டேன். அதுவும் தப்பான இடத்தில். அதுவும் இன்னொருவருடைய பொருளில்.

மூன்று நாளில் ஞாயிறு.

என் வீட்டுக்காரர் பதறினால் கை சும்மா இருக்காது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆவி காட்டப் போனார். நான் கெட்டிலைப் பிடுங்கிவிட்டேன்.

"ஏங்க, உள்ள இருக்கிற குறுக்குச் சட்டம் எல்லாம் வஜ்ரம். ஆவி காட்னா அதுங்க எல்லாம் அவுந்துடும். இது ஒண்ணு மட்டும் அப்படியே நிக்கும்."

"அப்ப இன்னாதான் பண்றது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சொல்லாம குடுத்துட்டா இன்னா? மேல் மெட்டுல வாசிச்சாத்தானே தெரியும்" என்றார்.

"அவரு மேல்தான் வாசிப்பாரு."

"அப்ப குதிரையைச் சீவி எடுத்துடலாம். ஒரு மணி நேர வேலை. வேற குதிரை செஞ்சு வச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

மனுஷர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். சொல்லப்போனால் வேலை என்று பார்த்தால் அவர் சொன்னது சரியான வழிதான், பலகைக்கு ஆபத்து இல்லாதது. இழைப்புளியைக் கையில் எடுத்தும்விட்டார். எனக்கு என்னவோ அந்தக் கீறிய எழுத்து நினைவுக்கு வந்தது. தப்பு என்னுடையது, பொருள் அவருடையது. அதில் எதை வெட்டுவது, எதை விடுவது என்று நான் எப்படி முடிவு பண்ணுவேன்?

"கேக்காம கை வைக்கக் கூடாதுங்க. நான் காலையில பஸ் ஏர்றேன்."

"கேட்டா திட்டுவாரு பத்மா."

"திட்டட்டும். ஒட்னது நான்தானே."

வெள்ளிக்கிழமை முதல் பஸ். பழைய கிட்டார் அதன் பெட்டியில், புதியது என் பழைய புடவையில் சுற்றி. பையில் மெல்லிய ரம்பத் தகடு, உளி, பித்தளைத் தகடு, வாகைச் சில்லு, பால் பொடி, சுண்ணாம்பு. கண்டக்டர், "இன்னாம்மா, கச்சேரியா?" என்றார். எனக்கு நடக்கப் போகிற கச்சேரி அவருக்கு எங்கே தெரியும். திண்டிவனத்தில் இறங்கி வேறு பஸ் மாறும் வரை என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

அவர் கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. "நானே நாளைக்கு வர்றதா இருந்தேனே மதாம்" என்றார். நான் உட்காரக்கூட இல்லை. வெயிலில், வார்னிஷில், பாலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு குதிரையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. இன்னொரு விரலையும் சேர்த்துத் தள்ளினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அடியில எழுத்து இருந்துதே, பாத்தீங்களா?"

"பாத்தேன். கம்பெனி எழுத்துன்னு நெனச்சேன்."

"கம்பெனி எழுத்து இல்ல மதாம். அவன் பேரும் என் பேரும். பழைய குதிரை ஒடஞ்சிடுச்சி. எங்க மேஜர் ஒக்கார்ற நாக்காலிக் காலை ஒடச்சி இந்தக் குதிரையைச் செஞ்சான். மேஜர் ஒரு வாரம் மூணு கால் நாக்காலியில ஒக்காந்தாரு. அன்னிக்கு ராவு கீறினது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்தது என்ன, பொலபொலவென்று கொட்டிவிட்டது. நேற்று இழைப்புளியைத் தடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் குதிரை சுருள் சுருளாகச் சீவி அடுப்புக்குப் போயிருக்கும்.

"அழுவாதீங்க மதாம், பலகை நனையுது" என்றார் முசியே. அப்புறம், "இன்னா வழி, சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். சீவி எடுத்தால் பலகை பத்திரம், குதிரை போச்சு. அடிப்பாகத்தில் ரம்பத்தால் அறுத்தால் குதிரை பிழைக்கும், ஆனால் ரம்பம் கொஞ்சம் சறுக்கினாலும் பலகை போய்விடும். எந்த வழியில் போனாலும் எழுத்து போச்சு. அது பசைக்குள் இருக்கிறது.

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார். "குதிரை வேணும். அறுங்க."

"பலகை கீறிடுச்சின்னா?"

"கீறினா அவன் என்னைத்தான் திட்டுவான். உங்க பேருதான் அவனுக்குத் தெரியாதே."

சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்துக் கிட்டாரைப் படுக்க வைத்தோம். குதிரையைச் சுற்றிப் பித்தளைத் தகட்டைப் பலகைமேல் வைத்துக் கட்டினேன். அவர் இரண்டு கையாலும் கிட்டாரை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ரம்பத்தைப் படுக்க வைத்து அறுக்க ஆரம்பித்தேன்.

என் பசையின் கெட்டித்தனத்தை அன்றைக்குத்தான் நான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். முக்கால்வாசி ஒழுங்காகப் போயிற்று. அதற்கப்புறம் ரம்பம் கீழ் நோக்கி இழுக்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. நான்கு இழுப்பு இழுத்தால் முடிந்துவிடும், நிமிர்ந்து மூச்சு விடலாம் என்று கை பறக்கிறது. பிள்ளைகளே, உங்களுக்கும் இது வரும். வேலை முடியப் போகிறது என்கிற ஆசையில்தான் கை தப்பு பண்ணும். நான் ரம்பத்தை உருவிவிட்டேன். கையை உதறினேன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். எதிர்ப் பக்கம் போய் அங்கிருந்து புதிதாக ஆரம்பித்தேன். இரண்டு வெட்டும் நடுவில் சந்தித்தன. குதிரை என் கையில் வந்தது.

பலகையில் கீறல் இல்லை. குதிரை நின்ற இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு தடம். சுண்ணாம்பும் பாலும் மரத்தில் ஊறிய கறை. மேலே நின்ற பசையையும் மரப் பிசிறையும் எடுத்தேன். கறையை விட்டுவிட்டேன். அதையும் சுரண்டினால் பலகைதான் மெலியும். "இது போவாது முசியே" என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

அறுத்ததில் குதிரையின் உயரம் கொஞ்சம் குறைந்துவிட்டது. வாகைச் சில்லில் ஒரு தகடு சீவி, குதிரையின் அடியில் செருப்பு மாதிரி ஒட்டினேன். இந்தத் தடவை பால் பசையை ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டினேன். அவர் பொரியும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்து, "நயினார் வீட்டுக்காரங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்டணுமாமே, சாப்டுங்க" என்றார். காலையிலிருந்து பட்டினி என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாளைக்குக் காய்ந்ததும் அவரே கம்பி கட்டி, அவரே தள்ளி வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, புதுக் கிட்டாரையும் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரே பலகையை மூன்று தடவை இழைத்தார்.

திங்கள் மத்தியானம் முசியே கடை வாசலில் நின்றார். கையில் கிட்டார் இல்லை. நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "கண்டுபுடிச்சிட்டாரா?" என்றேன்.

"ரெண்டு பாட்டு வாசிச்சான். அப்புறம் அந்தக் கறையைப் பாத்தான். கம்பியைத் தளத்திக் குதிரையைத் தூக்கித் திருப்பினான். எழுத்து எங்கடான்னான்."

"ஐயோ. இன்னா சொன்னீங்க?"

"நடந்ததைச் சொன்னேன். பாலு, சுண்ணாம்பு, நீங்க பஸ் ஏறி வந்தது, எங் கிட்டாரு மேல அழுதது, எல்லாம். சிரிக்கிறான் சிரிக்கிறான், சாப்ட்ட சோறு பொரை ஏறிடுச்சி. அப்புறம் கத்தி குடுன்னான். காய் நறுக்கற கத்திதான் இருந்துது."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அந்தக் குதிரை. இதைக் காட்டுவதற்காகவே கழற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். திருப்பிக் காட்டினார். என் வாகைச் செருப்பில் எழுத்துகள் கீறியிருந்தன. முன்னே இருந்தது இரண்டு வரி. இப்போது மூன்று.

"மூணாவது உங்க பேரு மதாம். பத்மாவதின்னு சொன்னேன். எடம் பத்தல, பத்மாவோட நிறுத்திட்டான்."

"அவர் பேரை அழிச்சது நான். என் பேரை எதுக்குப் போட்டாரு?"

"அதை நானும் கேட்டேன். அழிச்சதுக்கு இல்லியாம், வந்து சொன்னீங்களே அதுக்காம்."

நான் குதிரையை வாங்கி அந்த மூன்றாவது வரியைத் தடவினேன். என் வீட்டுக்காரர்தான், "புதுக் கிட்டாரு எப்படி இருந்துதாம்?" என்று கேட்டார்.

"அதை எடுத்துனு போயிட்டான்."

"போயிட்டாரா?"

"குடுன்னுகூட கேக்கல. பொழுது போனதும் அதைத் தோள்ல மாட்டிக்கினு கெளம்பிட்டான். போறப்ப அதோட குதிரையையும் திருப்பிப் பாத்தான். அடியில ஒண்ணுமே இல்லியே, செஞ்சவங்களுக்குப் பேரு கெடையாதான்னு கேட்டான்." முசியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதனால எனக்கு இன்னொண்ணு வேணும் நயினாரே. இந்தத் தடவை பேரைப் போட்டுடுங்க."

இதுதான் விஷயம். அந்த இரண்டாவது கிட்டாரிலிருந்து இன்று நீங்கள் முடிக்கிற கிட்டார் வரை, குதிரையைச் செய்தவர் பெயர் அதன் அடியில் இருக்கிறது. கம்பியைத் தளர்த்திக் கையில் எடுக்கிறவர்கள் பார்ப்பார்கள். மற்றவர்கள் பார்க்க வேண்டாம். உங்கள் கைக்கு வருகிற வேறு யாருடைய பொருளிலும் எழுத்து இருந்தால், புரியாவிட்டாலும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பசையைக் குழையுங்கள்.

நம் கடைக் கிட்டார்களில் பெயர் இல்லாமல் போனது அந்த முதலாவது ஒன்றுதான். சாராயப் பெட்டிப் பலகையில் செய்தது. இப்போது எந்தத் தேசத்தில் எவர் கையில் இருக்கிறதோ தெரியாது. ஆனால் அந்த நண்பர் அதன் குதிரைக்கும் அடியில் பெயர் கீறியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கத்தி எந்த ஊரிலும் கிடைக்கும், என் பெயர்தான் அவருக்குத் தெரியுமே.